உப்புக்காற்றில் ஓடும் பழைய டிரக்குக்கு இரட்டை வழி சைலன்சர்: அளவெடுப்பதிலிருந்து வெல்டிங் வரை முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் எக்ஸாஸ்ட் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர் பைப் போடச் சொல்லும், இன்னொரு கட்சி கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டுவிடச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே வண்டியில் இரண்டு பாதை வைக்கலாம். ஊருக்குள் போகும்போது அமைதியான பாதை, ஆளில்லாத இடத்தில் எஞ்சின் கொஞ்சம் வாய்திறந்து பேசுகிற பாதை, இரண்டையும் மாற்ற ஒரு வால்வு. இதை எப்படித் திட்டமிட்டு, அளவு போட்டு, நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்து முடிப்பது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரு வண்டி வேண்டும். 1950-களின் தொடக்கத்து செவர்லே பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன், 216 கன அங்குல எஞ்சின், அதாவது 3.5 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், பெட்ரோல். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் 1928-ல் தொழிற்சாலை தொடங்கி 1954-ல் மூடும்வரை பாகங்களைக் கோத்து வண்டிகளை இறக்கியதால் இந்த ரகம் நம் நாட்டில் இன்னும் அங்கங்கே உயிரோடு இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஃபார்கோ, டாட்ஜ், பெட்ஃபோர்டு என்றால் எண்கள் மாறும், முறை மாறாது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு பெர்க்கின்ஸ் டீசல் ஏற்றிய வண்டி என்றால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டீசல் கரி வால்வை அடைக்கும், அதனால் வால்வு பற்றிச் சொல்லும் இடத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

தொடங்கும் முன்பே இரண்டு விஷயத்தை முடிவாகச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. வால்வு சத்த வழியில் மட்டும்தான் இருக்க வேண்டும், அமைதி வழியில் எந்தத் தடுப்பும் இல்லாமல் அது எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும். இரண்டாவது, இந்தக் கரையில் எக்ஸாஸ்ட்டுக்கு முதல் எதிரி சூடு இல்லை, உப்பு. வேறு ஊரில் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் முடிவதற்குள் வால்வு பிடித்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செய்ததைப் பிரிக்க வேண்டிவரும், அதனால் முதலிலேயே. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 120-வது விதி ஒவ்வொரு வண்டிக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. 112-வது விதிப்படி புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும். 113-வது விதி எரிபொருள் குழாயிலிருந்து 35 மி.மீ.க்குள் எக்ஸாஸ்ட் பைப் வரக் கூடாது என்கிறது. சத்தம், புகை வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவு பாயும். முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் லைசென்ஸ் போகும்.

இதிலிருந்து இரண்டு வடிவமைப்பு முடிவுகள் வருகின்றன. ஒன்று, சத்த வழி என்றாலும் அதிலும் ஒரு சிறிய சைலன்சர் இருக்க வேண்டும், வெறும் பைப் ஒருபோதும் கூடாது. இரண்டு, இரண்டு வாய்களும் பின்பக்கம்தான். வலப்பக்கமாக விடலாம் என்று விதி சொன்னாலும் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே புகை விடுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய கேபினின் தரைத்தகடு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது.

50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டியை 2021-ல் வந்த விதிப்படி ‘விஏ’ வரிசையில் வின்டேஜ் வண்டியாகப் பதிய நினைக்கிறீர்களா? அதற்கு வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் சேஸிஸில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடாதீர்கள். இருக்கிற ஓட்டைகளில் போல்ட் போட்டு, எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பழைய பைப்பை மாட்டும்படி செய்யுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சட்டத்தை விடுங்கள், நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வந்தவர்கள் பகலில் தூங்குகிற மண்டபம், பாம்பன், தொண்டித் தெருக்கள், கீழக்கரையின் ஒடுக்கமான சந்துகள், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகள். இந்த இடங்களில் எல்லாம் வண்டி அமைதியாகப் போக முடியும் என்பதற்காகத்தான் மாற்றும் வசதியே. சத்தம் போட வைப்பது எந்தப் பட்டறைக்கும் கைவந்த வேலை.

அடியில் படுத்து அளவெடுங்கள்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டின் ஃபிளாஞ்சிலிருந்து (போல்ட் போடும் விளிம்பு) பின் பம்பர் வரை ஒரு கயிறு கட்டி, அந்தப் பாதையில் என்னவெல்லாம் குறுக்கே வருகிறது என்று குறியுங்கள்: பிரேக் பைப், பெட்ரோல் லைன், ஜாயின்ட் ஷாஃப்ட், பின் ஆக்ஸில், கட்டைப் பலகை போட்ட பெட்டியின் அடிப்பாகம். ஆக்ஸில் மேலே ஏறி இறங்குகிற இடத்தில், ஸ்பிரிங் பட்டை முழுசாக அழுந்தும்போது எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்று பார்க்க வேண்டும், சும்மா நிற்கும்போது தெரியும் இடைவெளி பொய்யான இடைவெளி. பெட்ரோல் லைனுக்குச் சட்டம் சொல்லும் 35 மி.மீ. போதாது என்பது என் கருத்து, 100 மி.மீ. வையுங்கள், முடியாத இடத்தில் நடுவே ஒரு தகடு. மரப்பலகைக்கும் பைப்புக்கும் இடையில் வெப்பத் தகடு வைத்தால் தகட்டின் இரு பக்கமும் 20, 25 மி.மீ. காற்றோட்டம் விடுங்கள். பலகையோடு ஒட்டி அடித்த தகடு சூட்டைத் தடுக்காது, கடத்தும்.

இங்கே ஒரு முக்கியமான வேலை. இந்த எஞ்சினின் மேனிஃபோல்டிலேயே ஏற்கெனவே ஒரு வால்வு இருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது சூடான புகையை இன்டேக் பக்கம் திருப்பிவிடும் வெப்ப வால்வு அது. பெரும்பாலான பழைய வண்டிகளில் துருப்பிடித்து அசையாமல் நிற்கும். கையால் அசைத்துப் பாருங்கள். அது பாதி மூடிய நிலையில் பிடித்திருந்தால் நீங்கள் பின்னால் என்ன செய்தாலும் எஞ்சின் மூச்சுவிடாது. அதைக் கழற்றிப் பார்த்தால் நீங்கள் செய்யப்போகும் வால்வு எதனால் கெடும் என்பதும் கண்ணுக்குத் தெரியும்: தண்டும் அது சுழலும் புஷ்ஷும் (உறை) சேரும் இடத்தில் துரு, பயன்படுத்தாமல் விட்ட காலம்.

பைப் எவ்வளவு பருமன்

"பெரிசா இருந்தா நல்லது" என்பார்கள். அப்படி இல்லை. கணக்குப் போட்டுவிடலாம், கஷ்டமில்லை.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 3.5 லிட்டர், 3300 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 96 லிட்டர். பழைய எஞ்சின் முழுசாக நிரம்பாது, 75 விழுக்காடு என்று வைத்தால் 72 லிட்டர். உள்ளே போனது 30 டிகிரிக் காற்று, வெளியே பைப்பில் வருவது 500 டிகிரி அளவில் இருக்கும் புகை, ஆகவே கனஅளவு ஏறக்குறைய இரண்டரை மடங்காகி நொடிக்கு 180 லிட்டர். இதைப் பைப்பின் உள்பரப்பால் வகுத்தால் வேகம் வரும். 1.5 மி.மீ. கனமுள்ள 2 அங்குலப் பைப்பில் நொடிக்கு 100 மீட்டர், 2¼ அங்குலத்தில் 78, 2½ அங்குலத்தில் 63.

நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புகை ஓடினால் பைப்பே சீறும், அந்தச் சீறலைச் சைலன்சர் பிடிக்காது, ஏனென்றால் சைலன்சரைத் தாண்டிய பிறகும் அது உண்டாகும். 2½ போட்டால் ஆக்ஸில் மேலே இடம் போதாது, எடையும் கூடும், கிடைக்கும் லாபமோ சொற்பம். ஆகவே முக்கியப் பைப் 2¼ அங்குலம். சத்த வழிக்கு 2 அங்குலமே போதும், அது திறக்கும்போது அமைதி வழியும் கூடவே திறந்திருக்கிறதே, இரண்டும் சேர்ந்துதான் புகையைச் சுமக்கின்றன.

அமைதி வழியை முதலில் முடியுங்கள்

வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி இதில்தான் ஓடப்போகிறது. சத்த வழி இல்லை என்றே நினைத்துக்கொண்டு இதை வடிவமையுங்கள்.

சைலன்சர் உள்ளே இரண்டு வகையாக வேலை செய்யலாம். அறை வகையில் குறுகலான பைப்பிலிருந்து அகலமான அறைக்குள் புகை விரியும்போது சத்தத்தின் ஒரு பகுதி திரும்பி எஞ்சின் பக்கமே போகும், இது தாழ்ந்த உறுமலுக்கு நல்லது. நார் வகையில் ஓட்டை போட்ட குழாயைச் சுற்றி நார் அடைத்திருக்கும், இது உயர்ந்த, கரகரப்பான சத்தத்தைத் தின்னும், தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தொடாது. பழைய ஆறு சிலிண்டருக்கு அறை வகையே பிரதானம். 200 மி.மீ. விட்டம், 500 மி.மீ. நீளம் உள்ள உருளை ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும், எஞ்சின் கொள்ளளவில் நான்கு மடங்குக்கு மேல். இதற்குக் குறைத்தால் எனக்குத் திருப்தி வராது. உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்து இரண்டு அறையாகப் பிரியுங்கள், ஆனால் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வோர் அறைக்கும் அதன் நீளத்தைப் பொறுத்துச் சில சத்தங்களை அப்படியே விட்டுவிடும் பலவீனம் உண்டு. இரண்டும் ஒரே நீளம் என்றால் இரண்டும் ஒரே சத்தத்தை விடும். 300-க்கு 200 என்று பிரித்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்.

ஆறு சிலிண்டர் சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது. 1800 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 30 சுற்று, 90 வெடிப்பு, அதாவது 90 ஹெர்ட்ஸ். கேபினுக்குள் மண்டையைக் குடைகிற அந்த ‘ம்ம்ம்’ இந்த அளவில்தான் வரும். ராமேஸ்வரம் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எந்த வேகத்தில் குடைச்சல் அதிகம் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு அந்த எண் வேண்டும்.

Y எங்கே, வால்வு எங்கே

இந்த வேலையின் சுவையான இடம் இதுதான், பலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போவதும் இதைத்தான்.

சத்த வழியின் வால்வு மூடியிருக்கும்போது, பைப் இரண்டாகப் பிரியும் Y பிரிவிலிருந்து வால்வு வரை உள்ள பைப் ஒரு முட்டுச்சந்து. புகை அங்கே ஓடாது, ஆனால் சத்த அலை உள்ளே போய் மூடிய முனையில் மோதித் திரும்பி வரும். அந்த முட்டுச்சந்தின் நீளம் ஒரு சத்தத்தின் அலைநீளத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தால், திரும்பி வரும் அலை, வருகிற அலைக்கு எதிர்ப்பதமாக வந்து அதை அடித்துவிடும். இதற்கென்றே காசு கொடுத்துத் தனியாக ஒரு முட்டுக்குழாய் வைப்பவர்கள் உண்டு. நமக்கு அது சும்மா கிடைக்கிறது, வால்வைச் சரியான தூரத்தில் வைத்தால் போதும்.

தூரம் எவ்வளவு? ஓட்டமில்லாத பைப் என்பதால் உள்ளே சூடு குறைவு, 200 டிகிரி என்று வையுங்கள். அந்தச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 436 மீட்டர். 436-ஐ 90-ஆல் வகுத்து, அதை 4-ஆல் வகுத்தால் 1.2 மீட்டர். உங்கள் வண்டி 2000 ஆர்.பி.எம்.-இல் குடைந்தால் 100 ஹெர்ட்ஸ், 1.1 மீட்டர். சூட்டின் அளவு ஊகம்தான் என்பதால் வால்வுப் பகுதியை முதலில் கிளாம்ப் போட்டு முன்னும் பின்னும் 10 செ.மீ. நகர்த்திப் பார்க்கும்படி தற்காலிகமாக மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வெல்டு வையுங்கள். வால்வை Y-யின் வாயிலேயே, 10 செ.மீ. தள்ளி வைத்தால் இந்தப் பலன் எதுவும் கிடைக்காது, அவ்வளவு குட்டையான பைப் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும்.

நீளமான முட்டுச்சந்துக்கு ஒரு தொல்லை உண்டு: தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அது குளிர்ந்த முட்டுச்சந்தில் போய் நீராகப் படிந்து, அமிலமும் சேர்ந்து, உள்ளிருந்தே அரிக்கும். கீழே ஓட்டை போட்டு வடிப்பார்கள், எனக்கு அது பிடிக்காது, சீறும், உப்புத் தண்ணீரும் அதே வழியாக ஏறும். அதைவிட Y-யை வழியின் மிகத் தாழ்ந்த இடத்தில், பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வைத்து, சத்த வழி அங்கிருந்து மேலேறி ஆக்ஸிலைத் தாண்டும்படியும், உச்சியில் வால்வு வரும்படியும் அமையுங்கள். தேங்கும் நீர் தானாகவே Y-க்கு வடிந்து அமைதி வழியின் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். வால்வுக்குப் பின்னால் உள்ள பைப் வாயை நோக்கிச் சரிவாக இறங்கட்டும். வால்வு பின்னால் போகப்போக அதன்மேல் படும் சூடும் குறையும், கேபிளுக்கும் புஷ்ஷுக்கும் ஆயுள் கூடும்.

Y-யின் நேர்க்கால் அமைதி வழிக்கு, சாய்கால் சத்த வழிக்கு, இடையில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். செங்குத்தாக T வெட்டி ஒட்டினால் சில வேகங்களில் புல்லாங்குழல் மாதிரி ஊதும்.

வால்வு செய்யும் முறை

கடையில் மோட்டார் வைத்த வால்வுகள் கிடைக்கும். ஆனால் இந்தக் காலத்துச் செவர்லேயில் மின்சாரம் 6 வோல்ட், அவை 12 வோல்ட் கேட்கும். அப்புறம் உப்புக்காற்றில் அந்தச் சின்ன மோட்டாரும் அதன் கனெக்டரும் படும் பாடு தனி. எஞ்சின் காற்றை இழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வாக்குவத்தால் (வெற்றிடம்) இயக்கலாம் என்பார்கள், ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது வாக்குவம் செத்துவிடும், சேமிப்புக் குடுவை வைத்துச் சமாளிக்க வேண்டும். நான் சொல்வது கேபிள். டாஷ்போர்டுக்குக் கீழே திருகிப் பூட்டும் சோக் குமிழ் ஒன்று, அங்கிருந்து கம்பி. அறுந்தால் ராமநாதபுரத்தில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் புதுசு வாங்கிவிடலாம்.

இழுத்தால் திறக்க வேண்டும், விட்டால் ஸ்பிரிங் மூட வேண்டும். கேபிள் அறுந்தால், கட்டு கழன்றால், வால்வு தானாக மூடிக்கொள்ளும், வண்டி அமைதியாக வீடு வந்து சேரும். மலைப்பாதை லாரிகளில் இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் வால்வை எடுத்துப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது ஒரே பைப்பை அடைப்பதற்காகச் செய்தது. சத்த வழியில் மட்டும் வைப்பதென்றால் பயன்படுத்தலாம், முக்கியப் பைப்பில் வைக்கவே கூடாது.

லேத்தில் செய்வதென்றால்: 2 அங்குலப் பைப் துண்டு ஒன்று, அதற்குள் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் வெட்டிய தட்டு. தட்டை முழு வட்டமாக வெட்டாமல், கார்புரேட்டர் த்ராட்டில் போல 10 டிகிரி சாய்வில் உட்காரும்படி லேசான நீள்வட்டமாக வெட்டுங்கள், அப்போதுதான் அது ஒரு நிலையில் வந்து நிற்கும். சுற்றிலும் 0.25 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளி வழியாகக் கசியாதா என்றால் கசியும், பைப் பரப்பில் 2 விழுக்காடு அளவு, பின்னால் உள்ள சின்ன சைலன்சர் அதைப் பார்த்துக்கொள்ளும். இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் செய்தால் சூட்டில் தட்டு விரிந்து கடித்துக்கொள்ளும்.

தண்டுக்கு 8 மி.மீ. 316 ஸ்டெயின்லெஸ் கம்பி. புஷ்ஷுக்கு ஸ்டெயின்லெஸ் வேண்டாம், ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வேலை செய்யும் பட்டறையில் கழித்துப்போட்ட வார்ப்பிரும்பு வால்வு கைடு கிடைக்கும், எக்ஸாஸ்ட் சூட்டுக்கென்றே செய்த பொருள், அதை வெட்டி 0.15 முதல் 0.2 மி.மீ. தளர்வாக ரீமர் போட்டால் அருமையான புஷ். ஒரு பக்கப் புஷ்ஷின் வெளிமுனையை மூடிவிடுங்கள், தண்டு வெளியே வரும் மறுபக்கத்துக்கு ஒரு தகட்டுக் குடை வையுங்கள். தட்டைத் தண்டில் வெல்டு வைத்தால் வளையும், ஆகவே இரண்டு எம்4 ஸ்டெயின்லெஸ் திருகுகள் போட்டு, முனையை அடித்துப் பரப்பிவிடுங்கள். தண்டை நடுமையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி வைத்து, புகையின் அழுத்தம் தட்டை மூடும் பக்கமே தள்ளும்படி செய்தால் படபடவென்று ஆடும் சத்தம் வராது.

லீவர் 30 மி.மீ. இருந்தால் கேபிள் 39 மி.மீ. இழுத்தால் தட்டு 80 டிகிரி திரும்பி முழுசாகத் திறக்கும், சோக் கேபிளின் எல்லைக்குள் இது அடங்கும். கேபிளைப் பைப் அருகே கொண்டுபோகாமல், கடைசி 30 செ.மீ.க்கு ஒரு கம்பி இணைப்பு வையுங்கள். ஸ்பிரிங்கையும் பைப்பிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி மாட்டுங்கள், சூடு பட்ட ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

சத்த வழியின் சின்ன சைலன்சர் எளிது. 2 அங்குல ஓட்டைக் குழாய், 4 அங்குல வெளியுறை, 30 செ.மீ. நீளம். குழாயை ஒட்டி முதல் சுற்றுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் நார், அதன்மேல் கண்ணாடி நார். நேராகக் கண்ணாடி நாரைச் சுற்றினால் புகை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து ஊதிவிடும்.

எந்த உலோகம், எப்படி வெல்டிங்

உப்பு இங்கே என்ன செய்யும் என்று தெரிய பாம்பனைப் பார்த்தால் போதும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது, அதில் ஸ்டெயின்லெஸ் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் முழுக்க வெல்டு வைத்த இணைப்புகளும் போட்டார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி உலோக அரிமானத்தைச் சோதிக்க மண்டபம் முகாமில் நிலையம் வைத்திருப்பதும் சும்மா இல்லை. காற்றில் வரும் உப்பு போதாதென்று, மீன் லாரிகளின் ஐஸ் தண்ணீர் சாலை முழுக்க வடிகிறது. அது டயரில் பட்டுத் தெறித்து நேராகச் சைலன்சரில் போய் விழுகிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பள மண்சாலையில் போனால் கேட்கவே வேண்டாம்.

சாதா இரும்புப் பைப் வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜிஐ தண்ணீர்ப் பைப்பைச் சில பட்டறைகளில் எடுத்து நீட்டுவார்கள், அது வேண்டவே வேண்டாம், வெல்டு வைக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும், துத்தநாகமோ 419 டிகிரியிலேயே உருகிவிடும். அலுமினியம் பூசிய இரும்பு வேறு ஊரில் நன்றாக ஓடும், இங்கே வெல்டு வைத்த ஒவ்வோர் இடமும் பூச்சு போய்த் துருவின் வாசலாகும். 304 ஸ்டெயின்லெஸ் நேர்ப் பைப்புகளுக்குச் சரி, மேலே பழுப்பாகக் கறை படியும், அதற்குப் பயப்பட வேண்டாம். உப்பும் ஈரமும் தங்கும் இடங்களுக்கு, அதாவது வால்வு உடல், சைலன்சர் வெளியுறை, Y, இவற்றுக்கு 316 எல் போடுங்கள், அதில் உள்ள மாலிப்டினம் குளோரைடு குழிகளைத் தாமதப்படுத்தும். விலை கூடுதல்தான், அதனால்தான் எல்லா இடத்துக்கும் சொல்லவில்லை.

ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். 304-க்கு 308 எல் கம்பி, 316-க்கு 316 எல், ஸ்டெயின்லெஸை இரும்பு ஃபிளாஞ்சோடு சேர்க்க 309 எல். பைப்புக்குள்ளேயும் ஆர்கான் விடச் சொல்லுங்கள், இரண்டு முனையையும் டேப் ஒட்டி மூடி உள்ளே மெதுவாக வாயு விட்டால் போதும். அப்படி விடாத வெல்டின் உள்பக்கம் கருகிச் சர்க்கரைப் பொடி போலப் பொரிந்திருக்கும், அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து யூ கிளாம்ப் போடும் இணைப்பு கழற்ற வசதிதான், ஆனால் அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. கழற்ற வேண்டிய மூன்று நான்கு இடத்துக்கு மட்டும் ஃபிளாஞ்ச், மற்றதெல்லாம் முழு வெல்டு. ஃபிளாஞ்சுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பித்தளை நட் போடுங்கள், ஐந்து வருடம் கழித்தும் ஸ்பேனருக்கு மசியும்.

தொங்கவிடுவது: 3 மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 350 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 18 மி.மீ. நீளும். முன்னால் கியர்பாக்ஸ் அருகே ஒரு பிடி மட்டும் கெட்டியாக, மேனிஃபோல்டுக்குப் பின் ஒரு நெளிகுழாய், பின்னால் உள்ளதெல்லாம் ரப்பர் தொங்கல். சைலன்சரின் முன்னும் பின்னும் ஒவ்வொன்று, வால்வுக்கு அருகில் ஒன்று. வால்வின் எடையை Y-யின் வெல்டு சுமக்கக் கூடாது.

சோதனை

முதலில் கசிவு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வாயைத் துணியால் லேசாக அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சூடாவதற்கு முன் செய்யுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள்.

அடுத்து எதிர் அழுத்தம், அதாவது புகை வெளியேறும் வழியில் உள்ள தடையால் பைப்பில் ஏறும் அழுத்தம். Y-க்கு முன்னால் ஒரு சிறிய நட் வெல்டு வைத்து அதில் ஒரு மீட்டர் செம்புக் குழாய், அதன் முனையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் 70 செ.மீ. என்றால் ஒரு பி.எஸ்.ஐ. சும்மா நின்று முறுக்கினால் உண்மை தெரியாது, எஞ்சின் பாரம் இழுக்க வேண்டும். நம் பக்கம் மேடு என்று சொல்லிக்கொள்ள 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றம் இருக்கிறது, பெட்டியில் எடை ஏற்றிக்கொண்டு அதில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் மட்டத்தைப் பார்த்துச் சொல்லட்டும், டிரைவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். அமைதி வழியில் ஒரு மீட்டருக்குள் நின்றால் நான் திருப்தி அடைவேன். அதைத் தாண்டினால் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டின் குழாயைப் பெரிதாக்குங்கள்.

சத்தத்துக்குப் பைப் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி பக்கவாட்டில், வாய் உயரத்திலேயே ஃபோனை வைத்து, 2500 ஆர்.பி.எம்.-இல் அளந்து குறியுங்கள். ஃபோன் காட்டும் டெசிபல் அதிகாரபூர்வமானதில்லை, ஆனால் பழைய சைலன்சர், மூடிய வால்வு, திறந்த வால்வு மூன்றையும் ஒப்பிட அது போதும். மூடிய நிலை பழைய சைலன்சரைவிடக் கூடுதலாக இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். திறந்த நிலையிலும் காது கூசினால் சின்ன சைலன்சரின் நீளத்தைக் கூட்டுங்கள். திறந்தால் வி8 போல உறுமும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேர்வரிசை ஆறு சிலிண்டர் சீராக, ஒரே இழையாகப் பாடும் எஞ்சின், அதன் அழகே அதுதான்.

எதிர் அழுத்தம் குறைந்தால் கலவை கொஞ்சம் மெலியலாம். சில நாள் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், பழுப்பு சரி, வெளுத்திருந்தால் கார்புரேட்டர் ஜெட்டைக் கவனியுங்கள்.

உப்பிடமிருந்து காப்பது

தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பைப் சூடு ஆறிய பிறகு கழுவ வேண்டும், போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் மழைத்தண்ணீரோ வாங்கும் குடிதண்ணீரோ இரண்டு குடம் போதும், வால்வு, ஃபிளாஞ்ச், சைலன்சரின் மேல்முதுகு மூன்றுக்கும் ஊற்றுங்கள். மேல்முதுகில்தான் மணலும் உப்பும் சேர்ந்து அடையாகக் கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. கச்சான் காற்று தொடங்கும் முன் ஒரு தடவை, வாடை மழை முடிந்ததும் ஒரு தடவை, தண்டின் புஷ்ஷுக்குச் சூடு தாங்கும் செம்பு கிரீஸ் வையுங்கள். சாதா கிரீஸ் கருகிப் பிசின் ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வால்வை அசைத்துக்கொண்டே இருப்பது. சத்தம் வேண்டுமோ வேண்டாமோ, வாரம் ஒருமுறை வண்டியை எடுக்கும் முன், எஞ்சின் ஓடாதபோது, குமிழைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து விடுங்கள். கை கனமாக உணர்ந்த அன்றே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அடுத்த வாரம் வரை தள்ளினால் லேத் பட்டறை வரை போக வேண்டியிருக்கும். உதிரிக் கேபிள் ஒன்றையும் எம்4 திருகு நான்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.